ஐந்து மா நிலமும் ஒரு சட்டி மீன்குழம்பும்

எட்டு வயதில் என்னோடு காய் விட்டிருக்கிறவனே, நீ மீசை முளைத்து, உன் சட்டையை நீயே தேய்த்துப் போட்டுக்கொண்டு, யாரோடு பேசுவது யாரோடு பேசாமலிருப்பது என்று நீயே முடிவெடுக்கிற வயதில் படிப்பதற்காக இதை எழுதி வைக்கிறேன். இப்போது நீ பள்ளிக்கூடம் போயிருக்கிறாய். காலையில் தலை வாரிவிட வந்தபோது சீப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாய். அந்தமானிலிருந்து வந்தது முதல் இப்படித்தான். கப்பலின் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். "தாத்தாகிட்ட சொல்லி அந்த வயல குடுக்கச் சொல்லியிருந்தா பாபு என்னோட பேசியிருப்பான்லம்மா?" வாந்தி மாத்திரையை நீட்டினேன். பி.ஏ. படித்தவள், ஒரு குழந்தையின் கேள்விக்கு மாத்திரையை நீட்டினேன். அதனால் பதில் தாமதமாகத்தான் வருகிறது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது மன்னிப்புக் கடிதம் அல்ல. அதை எதிர்பார்த்துப் பிரித்தாயானால் மடித்து வைத்துவிட்டு உன் வேலையைப் பார்.

அந்தப் பயணம் எப்படி வந்தது என்பது உனக்கு மறந்து போயிருக்கும். உன் அப்பாவும் சேகர் மாமாவும் கும்பகோணத்தில் ஒன்றாகப் படித்தவர்கள், பாபநாசத்தில் ஒரே பேங்க்கில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் எல்.டி.சி., பேங்க் செலவில் குடும்பத்தோடு ஊர் சுற்றிவருகிற சலுகை, கிடைத்தது. எல்லோரும் ஊட்டிக்கும் டில்லிக்கும் போனால், இவர்கள் இரண்டு பேரும் வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்தமான் என்றார்கள். கப்பல் என்றதுமே எனக்குப் பயம். காவிரியில் இடுப்பளவுத் தண்ணீரிலேயே உன்னை இறங்க விடாதவள் நான். ஒரு மாசம் முன்பே எலுமிச்சை ஊறுகாய் போட்டேன், அவல் வறுத்தேன், ஓமத்தண்ணீர் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்தேன். கப்பலில் ஏறினதும் பழைய புடவை ஒன்றின் முனையை உன் இடுப்பில் கட்டி மறுமுனையை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். "என்னக்கா, ஆட்டுக்குட்டியா ஓட்டிட்டு வர்றீங்க?" என்று சேகர் மாமாவின் மனைவி வசந்தா சிரித்தாள். நீயும் அவள் மகன் பாபுவும் சேர்ந்து "மே... மே..." என்று கத்தினீர்கள். அந்தச் சிரிப்பில் எந்தக் கள்ளமும் இல்லை. அதை நான் இன்றைக்கும் சொல்வேன்.

எங்களோடு சேகர் மாமாவின் அப்பாவும் வந்தார். பெரியவர். அவர் யார் என்பதை உனக்கு அப்போது நான் சொல்லவில்லை. உனக்கு அவர் பாபுவின் தாத்தா, அவ்வளவுதான். உன் தாத்தா, என் அப்பா, உழுகிற அந்த ஐந்து மா நிலம் அவருடையது. ஏக்கர் கணக்கில் ஒன்றரைக்குக் கொஞ்சம் கூட. அவர் பெயரில் பட்டா, நம் கையில் குத்தகை. இதில் ஒளிவு மறைவு எதுவும் கிடையாது. பாபநாசத்தில் நாங்கள் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஊரில் அவர்கள் பெரிய தெரு, நாங்கள் காலனி. டவுனில் வசந்தா என் வீட்டுச் சமையலறைக்குள் வந்து கடுகு டப்பாவைத் திறப்பாள். ஊருக்குப் போனால் அவர்கள் வீட்டு வாசற்படிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். இருவருமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது வேறு ஏதாவது பேசுவோம்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த வட்டாரம் எப்படி இருந்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கூலி உயர்த்திக் கேட்டு அறுப்புக்குப் போகாமல் நின்ற வருஷங்கள், வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுத்த வருஷங்கள், வாய்க்கால் பாலத்தில் போலீஸ் வேன் நின்ற வருஷங்கள். மேடையில் ஆட்சிக்கு வந்தவர்களும் பேசினார்கள், வர இருந்தவர்களும் பேசினார்கள். நிலம் உழுகிறவனுக்கு என்றார்கள். கைதட்டிவிட்டு வந்து மறுநாள் அதே வரப்பில் அதே ஆளுக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றோம். அப்புறம் குத்தகையைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. தாசில்தார் ஆபீஸ் ஆட்கள் ஊருக்கு வந்தபோது, முந்தின ராத்திரிவரை வருகிறேன் என்ற அத்தனை பேரும் காணாமல் போய்விட்டார்கள். உன் தாத்தா மட்டும் போனார். நான் பி.ஏ. கடைசி வருஷம், மனுவை எழுதியது நான். "எழுதும்மா, பயப்படாம எழுது. பயம் என்னோடது, எழுத்து உன்னோடது" என்று பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அந்த நிலத்திலிருந்து அவரை யாரும் சும்மா இறக்கிவிட முடியாது. அவராக விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. அதனால் பெரியவர் அதை விற்க நினைத்தபோது வாங்க ஆளில்லை. குத்தகைக்காரன் கால் ஊன்றியிருக்கிற நிலத்தை எவன் வாங்குவான்?

கப்பலில் பெரியவர் வேறு ஆளாகத்தான் இருந்தார். கரை மறைந்ததும் மேல்துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். உனக்கும் பாபுவுக்கும் பறக்கும் மீனைக் காட்டினார். நான் போட்ட ஊறுகாயை நக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு துண்டு கேட்டார். இரண்டாம் நாள் நான் "ஐயா, காப்பி" என்று டம்ளரை நீட்டினபோது, "என்னம்மா இன்னும் ஐயா கொய்யான்னுட்டு. மாமான்னு கூப்பிடு" என்றார். சேகர் மாமாவுக்கு முகமெல்லாம் பல். உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையில், பார்த்தியா, காலம் மாறிப்போச்சு என்று எழுதியிருந்தது. நானும் "சரிங்க மாமா" என்றேன். வாய்க்குப் புதிதாக இருந்தது, ஆனால் கசக்கவில்லை.

அந்தச் சின்னத் தீவுக்குப் போன நாள் உனக்கு நினைவிருக்கும். போர்ட் பிளேரிலிருந்து படகில் போனோம். ராமநாதபுரம் பக்கத்து ஆள் ஒருவர் படகோட்டி. ஆளில்லாத தீவு. ஒரு பக்கம் வெள்ளை மணல், மறுபக்கம் வேர்கள் வெளியே தெரிய நிற்கிற சதுப்புக் காடு. நீங்கள் இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்து எழுந்து, நான் கரையிலிருந்து "ஆழம்! ஆழம்!" என்று கத்திக் கத்தி, கணுக்கால் அளவு தண்ணீருக்கு ஆழம் என்று கத்துகிறேன் என்று எல்லோரும் சிரித்தார்கள். படகோட்டி வழியில் தூண்டில் போட்டுப் பிடித்த மீனைக் கொடுத்தார். மூன்று கல்லைக் கூட்டி, ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைத்து, ஊரிலிருந்து கொண்டுபோன புளியைக் கரைத்து ஒரு சட்டி மீன்குழம்பு வைத்தேன். வசந்தா சோறு வடித்தாள். எல்லோரும் மணலில் வட்டமாக உட்கார்ந்தோம். நீயும் பாபுவும் ஒரே தட்டில் சாப்பிட்டீர்கள். பெரிய துண்டுக்கு இரண்டு பேருக்கும் சண்டை.

நான் பரிமாறினேன். இங்கேதான் நீ கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். உன் வயதில் நான் என் அப்பாவோடு பெரியவர் வீட்டுக் களத்துக்குப் போயிருக்கிறேன். மத்தியானம் எங்களுக்குக் கூழ் ஊற்றுவார்கள். கரண்டி எங்கள் பாத்திரத்தில் படாது. ஒரு முழ உயரத்திலிருந்து விழும். பாதி உள்ளே, பாதி கைமேலே. சுடும். கையை எடுத்தால் கூழ் தரையில் போகும் என்று எடுக்காமல் நிற்பேன். அந்தத் தீவில் பெரியவர் தட்டை நீட்டினபோது, கரண்டியை அவர் தட்டின் விளிம்பில் வைத்து, சாவகாசமாகக் கவிழ்த்தேன். வேண்டுமென்றுதான் செய்தேன். அவர் தட்டை இழுத்துக்கொள்ளவில்லை. பிசைந்து, ஒரு வாய் வைத்து, "ஆகா" என்றார். "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா. எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு இந்தப் பக்குவம் வராது." வசந்தா மூக்கைச் சுளித்தாள், எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது; விறகுப் புகை என்று துடைத்துக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன் மகனே. பின்னால் நடந்ததற்காக அந்தச் சந்தோஷத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன்.

சாப்பிட்டு முடித்துக் கையலம்பி வந்து, தாழை நிழலில் துண்டை விரித்துக்கொண்டு பெரியவர் கூப்பிட்டார். "அம்மாடி, இங்க வந்து உக்காரு." உட்கார்ந்தேன். உன் அப்பாவும் சேகர் மாமாவும் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

"உன் கையால சாப்பிட்டாச்சு. இனிமே நீ வேற நான் வேறயா? எல்லாம் ஒரே குடும்பந்தான்."

"சரிங்க மாமா."

"அதத்தான் சொல்ல வந்தேன். குடும்பத்துக்குள்ள எதுக்கு இந்தப் பதிவு, தாசில்தாரு எல்லாம்? அந்த அஞ்சு மாவ விட்டுக்குடுத்துட்டேன்னு உங்கப்பன ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. யாரு சொன்னாலும் அவனுக்கு ஏறாது. நீ சொன்னா கேப்பான். நான் ஒண்ணும் அவன நட்டாத்துல விட்டுட மாட்டேன்."

என்னை 'அம்மாடி' என்றார். என் அப்பாவை 'அவன்' என்றார். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. அவர் வாயில் என் குழம்பின் வாசனை இன்னும் போயிருக்காது. உன்னைத் தேடினேன். நீ தூரத்தில் பாபுவோடு மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாய். நீ பத்திரமாக இருக்கிறாய் என்று தெரிந்ததும் எனக்குக் குரல் வந்துவிட்டது.

"மாமான்னு கூப்பிடச் சொன்னீங்க. ஊருக்குப் போயும் அப்படியே கூப்பிடலாமா? உங்க தெருவுல, உங்க வாசல்ல நின்னு?"

பெரியவர் துண்டில் ஒட்டின மணலைத் தட்டினார். "ஊரு வேறம்மா" என்றார்.

"நெலமும் அங்கதான மாமா இருக்கு?"

சேகர் மாமா எழுந்து நின்றார். "விடுங்கப்பா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். உன் அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், மெதுவாக, பேசாதே என்கிற குரலில். நான் பேசினேன். "எங்கப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். அவரா வந்து கேட்டாலும் விடாதீங்கன்னுதான் சொல்வேன்" என்றேன்.

"சாப்பிட்ட எடத்துல வச்சு மூஞ்சில அடிக்கிற மாதிரிப் பேசறியே" என்றார் பெரியவர்.

"சாப்பிட்டது நீங்க மாமா. சமைச்சது நான்."

அதற்குமேல் யாரும் பேசுவதற்குள் படகோட்டி சத்தம் போட்டார். "தண்ணி வத்திப்போச்சு, சீக்கிரம் வாங்க! இதுக்குமேல படகு தட்டிடும்." காலையில் இறங்கின மணல் பக்கம் பாறை தலைதூக்கிவிட்டது, சதுப்புப் பக்கம்தான் படகை நிறுத்த முடிந்தது. நடுவில் முழங்கால் அளவு கறுப்புச் சேறு. நீங்கள் இரண்டு பேரும் அதில் குதித்து, முகத்தில் பூசிக்கொண்டு, படகோட்டியின் தோளில் ஏறிப் போய்விட்டீர்கள். அப்பாவும் சேகர் மாமாவும் பையையும் பாத்திரத்தையும் தலையில் வைத்துக்கொண்டு வசந்தாவை நடுவில் விட்டுத் தள்ளாடிப் போனார்கள். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றார். இரண்டடி வைத்தார், கால் புதைந்தது, அப்படியே நின்றுவிட்டார். இத்தனை வருஷம் வயல் வைத்திருந்தவர். வரப்பில் நின்றவர், சேற்றில் இறங்கினதில்லை.

நான் திரும்பிப் போனேன். விட்டுவிட்டுப் போயிருக்கலாம், படகோட்டி வந்து தூக்கியிருப்பார். ஆனால் தண்ணீர் யாருக்காகவும் நிற்காது என்பது என் பயம். பயம் வந்தால் எனக்கு எதிரி, சொந்தம் என்று பிரிக்கத் தெரியாது. "கையப் பிடிங்க. காலத் தூக்காதீங்க, விரல விரிச்சு நழுவ விடுங்க" என்றேன். பிடித்துக்கொண்டார். கனமான கை. அவரைப் பார்த்தபடி நான் பின்பக்கமாக நடந்தேன். நடவில் நாங்கள் அப்படித்தான் போவோம், நட்ட நாற்றை மிதிக்காமல் இருக்க. லீவு நாட்களில் அம்மாவோடு நட்டுப் பழகியது, இன்னும் காலை விட்டுப் போகவில்லை. பாதி வழியில் அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"நல்லாப் பழகின காலு" என்றார்.

"உங்க வயல்ல பழகினதுதான்."

படகில் ஏற்றிவிட்டதும் கையை விட்டுவிட்டார். துண்டால் துடைத்துக்கொண்டார். சேற்றைத் துடைத்தாரா வேறெதையாவதா என்று எனக்குத் தெரியாது; அதை நான் யோசிக்கவும் மாட்டேன்.

அதற்குப்பின் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. அன்று சாயங்காலமே அவர்கள் தனியாகச் சாப்பிட்டார்கள். திரும்பி வந்த கப்பலில் பாபு எதிர்ப் படுக்கையில் உட்கார்ந்து உன்னைப் பார்க்காமல் சிப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தான். உன் பங்குச் சிப்பிகளை நீ எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் வைத்தாய். அவன் தொடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய விலை நான் எதற்கும் கொடுத்ததில்லை. அதுவும் என் கையிலிருந்து கொடுக்கவில்லை, உன் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உன் அப்பா, "கொஞ்சம் பக்குவமாச் சொல்லியிருக்கலாம்" என்றார். "பக்குவமெல்லாம் குழம்புல போட்டாச்சு" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். சேகர் மாமாவுக்கு முன்கூட்டியே தெரியுமா தெரியாதா என்று அப்பா இன்றுவரை அவரைக் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு பதில் வந்துவிடுமே என்று பயப்படுகிறார் போல.

வசந்தா மட்டும் கடைசி நாள் கப்பலில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பக்கத்தில் வந்து நின்றாள். கூஜா நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. "அக்கா, என் பேர்ல ஒரு குழி நெலம் கிடையாது. மாட்டேன்னு சொல்றதுக்குக்கூட எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் குழாயை மூடினாள். நீ கல்யாணம் பண்ணிக்கொள்கிறபோது, உன் வீட்டுக்கு வருகிற பெண்ணின் பேரிலும், மாட்டேன் என்று அவள் சொல்வதற்கு, ஏதாவது இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் உனக்குச் சொல்கிற புத்தி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நடந்த கதை.

ஊருக்கு வந்த பிறகு சேகர் மாமா கும்பகோணத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. பெரியவர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். வாய்தா மேல் வாய்தா. உன் தாத்தா ஒவ்வொரு தடவையும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார். நீ இதைப் படிக்கிறபோது அந்த ஐந்து மா நம்மிடம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான்: தீர்ப்புக்குப் பயம், தாத்தா பஸ்ஸில் தனியாகப் போவதற்குப் பயம், நீ பெரியவனாகி அம்மா ஒரு பிடிவாதக்காரி என்று உன் நண்பர்களிடம் சொல்வாயோ என்று பயம். பயத்தோடுதான் இருக்கிறேன். அதற்காக மாட்டேன் என்று சொன்னதைச் சரி என்று மாற்றிக்கொள்ளமாட்டேன்.

போன வாரம் மேட்டூர் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்து, குறுவை நடவு நடந்தது. உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். நானும் இறங்கி ஒரு வரிசை நட்டேன். நீ வரப்பில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கொஞ்ச நேரம் கழித்து, காய் விட்டதை மறந்து, கேட்டாய்: "இது பாபு வயலா, நம்ம வயலா?"

"பட்டா அவங்களது. காலு நம்மளது" என்றேன்.

நீ யோசித்தாய். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாய். பாம்பு இருக்கும், கண்ணாடி இருக்கும் என்று என் தொண்டைவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். பின்பக்கமாக நடந்து பார்த்தாய், விழுந்தாய், எழுந்தாய். "பாபு வந்தா அவனுக்கும் இது சொல்லிக் குடுக்கலாமா?" என்று கேட்டாய். சொல்லிக் கொடு என்றேன். மறுநாள் காலையில் நினைவு வந்து மறுபடி காய் விட்டுவிட்டாய்.

ஒருநாள் பாபு வருவான் என்றுதான் நினைக்கிறேன். அவனோ, அவனைப் போல வேறு யாரோ. நல்லவனாகத்தான் இருப்பான். உன் வீட்டில் உட்கார்ந்து உன் கையால் சாப்பிடுவான், உன்னை அண்ணன் என்பான், அது உண்மையாகவும் இருக்கும். சந்தோஷப்படு, தப்பில்லை. சாப்பிட்டு முடித்ததும் அதையே காரணமாகக் காட்டி அவன் ஏதாவது கேட்டால், தட்டைப் பார். காலியாக இருந்தால், கரண்டியைத் தட்டில் படும்படி வைத்து இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று. கேட்டதைக் கொடுக்காதே.

அம்மா